ஆத்தையே மாத்திட்டா

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கங்க. எனக்கு இந்த வெயில் மூஞ்சில அடிச்சா தலைவலி வந்துரும். திருநெல்வேலிக்குத்தானே? நானும் அங்கதான். நல்ல பஸ்ஸா பாத்து ஏறலாம்னு கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் எது முதல்ல வருதோ அதுல ஏறிருவோம், இந்த ஊர்ல இனிமே நிக்க வேண்டாம்னு தோணிருச்சு.

மடியில கிடக்கற இந்தச் சால்வையைத்தானே பாக்கறீங்க. இன்னிக்கு ஒரு வைவாவுக்குப் போயிட்டு வர்றேன். வைவான்னா, பிஎச்.டி. முடிக்கற பிள்ளைங்க எல்லார் முன்னாடியும் நின்னு தான் பண்ணின ஆராய்ச்சியைப் பத்திப் பேசணும், கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லணும். அது முடிஞ்சாத்தான் பேருக்கு முன்னாடி டாக்டர் போட்டுக்கலாம். வந்த பெரியவங்களுக்கு மரியாதை பண்றதுன்னு ஒண்ணு இருக்கு. எனக்கும் போத்தினாங்க. எனக்குப் போய் சால்வை. நான் அந்த வைவாவை நிறுத்திப் போட்டுட்டு வரணும்னு போனவ.

பயந்துராதீங்க, நான் சண்டைக்காரி இல்லை. விலங்கியல் ப்ரொஃபசர். பேரு கோமதி. இன்னும் நாலு வருஷத்துல ரிட்டயர்மென்ட். உங்க மக எம்.எஸ்சி. படிக்குதுன்னு இப்பத்தான் போன்ல யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தீங்கல்ல. அதுக்கப்புறம் பிஎச்.டி. பண்ணணும்னுதானே சொல்லும். அப்ப நீங்க இதைக் கேட்டுத்தான் ஆகணும். ஒரு பிள்ளையை நம்பினா என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்கணும்.

வடிவுன்னு ஒரு பிள்ளை. சண்முகவடிவு. சேரன்மாதேவிப் பக்கத்துல ஒரு கிராமம். அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டறவர். எம்.எஸ்சி.யில நல்ல மார்க்கு, ரேங்க்கே வாங்கியிருந்தா, ஆனா அவளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடையாது. கைடு கிடைக்காம அலைஞ்சுட்டிருந்தா. கைடுன்னா எங்களைத்தான் சொல்றது, ஆராய்ச்சிக்கு வழிகாட்டறவங்க. நாங்க ஒத்துக்கிட்டாத்தான் ஒரு பிள்ளை பிஎச்.டி.யில சேரவே முடியும். நாங்க கையெழுத்துப் போட்டாத்தான் முடிக்கவும் முடியும். என் ரூம் வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்து நின்னா. போட்டுக்கிட்டு வாம்மா, இது கோயில் இல்லைன்னு நான்தான் சொன்னேன். அந்த அளவுக்கு நான் சமத்துவம் பாக்கறவ. எங்க டிபார்ட்மென்ட்ல மத்தவங்களைக் கேட்டுப் பாருங்க.

எனக்கு வேலை தட்டான்ல. தட்டாம்பூச்சிதான், மழைக்கு முன்னாடி கூட்டமா பறக்குமே அது. அது குஞ்சுப் பருவத்துல தண்ணிக்குள்ளதான் இருக்கும். தண்ணி சுத்தமா இருந்தா ஒரு ஜாதித் தட்டான், கெட்டுப்போனா வேற ஜாதி. ஆத்தங்கரையில எந்தத் தட்டான் உக்காந்திருக்குன்னு பாத்தே ஆத்தோட உடம்பு எப்படி இருக்குன்னு சொல்லிரலாம். தாமிரபரணி முழுக்க, பாபநாசத்துல இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும், படித்துறை படித்துறையாப் போய்ப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. வடிவுக்கு அதைக் குடுத்தேன். என் கனவையே தூக்கிக் குடுத்தேன்னு சொல்லுங்க. முதல் நாள் நானும் கூடப் போனேன். அப்புறம் எனக்கு முழங்கால் வலி, அவளே போயிட்டு வந்தா. விடியறதுக்கு முன்னாடி முதல் பஸ் பிடிச்சுப் போகணும், வெயில் ஏறிட்டா பூச்சி பறந்துரும், கையில சிக்காது. ரெண்டு வருஷம் போனா. மழை, வெள்ளம், காய்ச்சல், ஒண்ணும் பாக்கல. நல்ல உழைப்பாளி, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். பொய் சொல்ல எனக்கு வராது.

அந்த நேரத்துல என் மக அபிராமி பிரசவத்துக்கு வந்திருந்தா. என் வீட்டுக்காரர் பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர், அவருக்கு ஷுகர். வீட்ல ஆள் வேணும். வடிவு ஹாஸ்டல்ல இருந்தா, அந்தச் சாப்பாட்டைத் தின்னு வத்திப்போயிருந்தா. நான் சொன்னேன், ஏம்மா அங்க கிடந்து கஷ்டப்படறே, நம்ம வீட்டுக்கு வந்துரு, மாடியில ரூம் சும்மாதானே கிடக்குன்னு. வந்தா. எந்தக் கைடு இப்படிச் செய்வாங்க சொல்லுங்க. எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தர் இருக்கார், தன் ஸ்காலருக்கு ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடுத்தது கிடையாது. நான் என் வீட்டுச் சாப்பாடு போட்டேன். என் தட்டுலயே போட்டேன்.

அவளும் நல்லாத்தான் இருந்தா. காலையில ஆத்துக்குப் போயிட்டு வந்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவா. அபிராமிக்குப் பத்தியச் சமையல் பாப்பா. அவருக்கு ஊசி போடுவா. அப்புறம் என்கூடவே கார்ல காலேஜுக்கு வந்துருவா, பஸ் செலவு கூட மிச்சம். ராத்திரி குழந்தை அழுதா மாடியில இருந்து இவதான் முதல்ல எறங்கி வருவா, பெத்தவ தூங்கிட்டிருப்பா. நான் ஒண்ணும் செய்யச் சொன்னதில்லை. ஒரு நாள் கூட, இதைச் செய்யுன்னு வாய் திறந்து சொன்னதில்லை. அவளாத்தான் செஞ்சா. சொல்லாமலே செய்யறதுதானே பாசம்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் சொன்னார், கோமதி, அந்தப் பிள்ளை எப்பப் படிக்கும்னு. அவருக்கு என்ன தெரியும். பேங்க்ல இருந்தவர். ஆராய்ச்சின்னா புஸ்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதுன்னு நினைப்பு.

நாங்க எல்லாம் எப்படி வந்தவங்கன்னு நினைக்கறீங்க. என் கைடு பெரிய மனுஷன், சிங்கம் மாதிரி. அவர் ரூம் முன்னாடி ராத்திரி வரைக்கும் நிப்பேன். உள்ள கூப்பிட மாட்டார். கதவு திறக்கும், பூட்டிட்டு, நாளைக்கு வான்னுட்டுப் போவார். அவர் வீட்டு அரிசியைப் புடைச்சுக் குடுத்திருக்கேன், அவர் எழுத வேண்டிய பாடப் புஸ்தகத்தை நான் எழுதிக் குடுத்திருக்கேன். அதுல என் பேர் எங்கயும் கிடையாது. ஒரு வார்த்தை பேசியிருப்பேனா. இன்னிக்கும் அவர் படத்தை என் ரூம்ல மாட்டி வெச்சிருக்கேன். அவர் மாதிரி நான் இருக்கக் கூடாதுன்னுதான் வடிவை வீட்டுக்குள்ளயே சேத்தேன். நான் அவளை மாணவியாவே பாக்கல. மக மாதிரி. அம்மான்னு கூப்பிடு, என்ன மேடம் மேடம்னுட்டுன்னு எத்தனையோ தடவை சொன்னேன். சரி மேடம்னுதான் சொல்லுவா. அவ்வளவுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட அம்மான்னு கூப்பிடல. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

கண்டக்டர், எனக்கு மீதி அப்புறம் தாங்க, பரவாயில்லை.

என்ன சொல்லிட்டிருந்தேன். ஆங், அவ தங்கச்சி கல்யாணம். அதையும் சொல்லிருதேன், ஏன்னா இதையெல்லாம் பின்னால ஒரு கமிட்டி முன்னாடி குத்தமா வெச்சாங்க. எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு பெரிய கருத்தரங்கு, வெளி மாநிலத்துல இருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க. அதே நாள்ல அவ தங்கச்சிக்குக் கல்யாணம். வந்து சொன்னா. நான் போகாதேன்னு சொல்லவே இல்லை. கருத்தரங்கைத் தள்ளி வைக்க முடியாதும்மா, நீயே யோசிச்சுக்கோன்னுதான் சொன்னேன். யோசிச்சா. வந்துட்டா. முந்தின நாள் வெச்ச மருதாணிக் கையோட நின்னு, விருந்தாளிங்களுக்கு இலை போட்டுப் பரிமாறினா. எல்லாரும் என்கிட்ட, உங்க ஸ்காலர் பிரமாதம் மேடம்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் தலைநிமிர்ந்து நின்னேன். அவ முகம் வாடியிருந்துச்சுன்னு பிற்பாடு யார் யாரோ சொன்னாங்க. எனக்குத் தெரியல. எனக்கு அன்னிக்கு இருந்த வேலையில யார் முகத்தை யார் பாத்தா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷ வேலையும் முடிஞ்சு, அதை ஒரு கட்டுரையா எழுதி வெளிநாட்டு ஜர்னல் ஒண்ணுக்கு அனுப்பினோம். ஏத்துக்கிட்டாங்க. எங்க காலேஜ்ல அது பெரிய விஷயம். கட்டுரையை எழுதினது வடிவுதான், நான் இங்கிலீஷைத் திருத்தினேன், சில இடத்துல ரொம்பவே திருத்தினேன். அந்தச் சமயம் பாத்து அபிராமிக்கு பெங்களூர்ல ஒரு காலேஜ் வேலை வர்ற மாதிரி இருந்துச்சு. அவளும் எம்.எஸ்சி. விலங்கியல்தான், பிஎச்.டி.யும் முடிச்சவ. ஆனா கையில கட்டுரை ஒண்ணும் இல்லை. வேலைக்கு அதைத்தான் கேக்கறாங்க. குழந்தையை வெச்சுக்கிட்டு அவ எங்க போய் ஆராய்ச்சி பண்ணுவா. வீட்ல மாடியில வெச்சிருந்த மைக்ராஸ்கோப்புல அவளும் நாலஞ்சு நாள் உக்காந்து பூச்சி பாத்திருக்கா, அதுவும் வேலைதானே.

அதனால என் பேர் முதல்ல, அபிராமி பேர் ரெண்டாவது. வடிவு பேரைக் கீழ நன்றி சொல்ற இடத்துல போட்டேன். முழுப் பேரும், இனிஷியலோட. மூணாவதா சேத்திருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். மூணு பேர் ஆனா பங்கு குறைஞ்சிருது, வேலைக்கு எடுக்கறவங்க அதையெல்லாம் பாப்பாங்க. வடிவுக்கு என்ன அவசரம், அவ சின்னப் பிள்ளை, அடுத்த கட்டுரையை முழுக்க அவ பேர்லயே போட்டுருவோம்னு நினைச்சேன். சத்தியமா நினைச்சேன்.

கட்டுரை வந்த அன்னிக்கு நானே கூப்பிட்டுக் காட்டினேன். வேற ஒருத்தரா இருந்தா மறைச்சிருப்பாங்க. நான் காட்டினேன். நின்னுக்கிட்டே பாத்தா. அப்புறம் சரி மேடம்னா. முகத்துல ஒண்ணும் காட்டல. கீழ போய் குழந்தைக்கு வெந்நீர் வெச்சா. அவ்வளவுதான் நடந்துச்சு. வருத்தம்னா அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே, மேடம் இது நியாயமான்னு. மக மாதிரி இருக்கற பிள்ளைக்கு அந்த உரிமை கூடவா இல்லை. அடக்கி வெச்சு அடக்கி வெச்சு முதுகுல குத்தறதுக்கு என்ன பேரு.

விருதுநகர் தாண்டிருச்சா? பேசிட்டிருந்தா தெரியல பாருங்க. தண்ணி வேணுமா உங்களுக்கு?

அபிராமிக்கு வேலை கிடைச்சுது. குழந்தையோட பெங்களூர் போனா. அதுக்கப்புறம் ஒரு நாள் வடிவு, மேடம் நான் ஹாஸ்டலுக்கே போயிடறேன்னா. வீடு வெறிச்சுன்னு இருக்கு, நீயும் போறியான்னு கேட்டேன். போயிட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும். ஒரே வாரத்துல ரெண்டு மகளும் போன மாதிரி. அவருக்கு ஊசி போடக் கம்பவுண்டரை வரச் சொல்ல வேண்டியதாப் போச்சு.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, பிள்ளை ஒழுங்கா வேலை பாக்குதுன்னு நாங்க ஒரு அறிக்கையில கையெழுத்துப் போடணும். அந்தத் தடவை நான் போடல. வேணும்னுதான் போடல, உங்ககிட்ட என்ன மறைக்க. கொஞ்சம் பயம் வரட்டும், வந்து கேக்கட்டும், கேட்டா உக்கார வெச்சு மனசு விட்டுப் பேசலாம்னு. பிடிச்சு இழுத்தாத்தானே பிள்ளை திரும்பி வரும். அவ வந்தா. ஆனா வந்து கேட்டது வேற.

"மேடம், நான் வேற கைடுகிட்ட மாறிக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்து வேணும்."

குரல்ல கோபம் இல்லை, அழுகை இல்லை. பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேக்கற மாதிரி கேட்டா. யார்கிட்டன்னு கேட்டேன். மதுரைப் பக்கத்துல அய்யாக்கண்ணுன்னு ஒருத்தர் இருக்கார் மேடம்னா. எனக்குத் தெரியும் அந்த அய்யாக்கண்ணுவை. என்னை விட எத்தனையோ வருஷம் ஜூனியர், கருத்தரங்குல என்னைப் பாத்தா எந்திரிச்சு நிப்பான். அவன்கிட்ட என் பிள்ளை போறாளாம்.

நான் கையெழுத்துப் போடல. அந்தத் தாளை மேஜை டிராயர்ல வெச்சுட்டேன். இன்னிக்குப் போடுவேன் நாளைக்குப் போடுவேன்னு அவ காலையில வந்து வாசல்ல நிப்பா. நான் க்ளாஸுக்குப் போவேன், வருவேன். அவளும் நின்னுக்கிட்டுத்தான் இருப்பா. மாசக்கணக்கா இப்படி ஓடிச்சு. சளைக்கல. கடைசியில யுனிவர்சிட்டிக்கு எழுதிப்போட்டா. அவங்க ஒரு கமிட்டி போட்டுட்டாங்க. மூணு பேர், மூணு பேரும் என்கூட டீ குடிச்சவங்க. என்னை எதிர்ல உக்கார வெச்சு, உங்க வீட்ல அந்தப் பொண்ணு என்னென்ன வேலை பாத்துச்சுன்னு கேக்கறாங்க. குத்தவாளியைக் கேக்கற மாதிரி. நான் சொன்னேன், என் வீட்ல அவ வேலை பாக்கல, என் வீட்ல அவ வளர்ந்தான்னு. ஒருத்தர் குனிஞ்சு சிரிப்பை அடக்கினார். அதை என்னால மறக்க முடியாது.

போகட்டும்னு முடிவு பண்ணிட்டாங்க. நானும் ஒண்ணு எழுதிக் குடுத்தேன். தாமிரபரணியில எடுத்த குறிப்பு, பூச்சி, படம் எல்லாம் என் லேபுக்குச் சொந்தம், அதுல ஒண்ணைக் கூட அவ கொண்டு போகக் கூடாதுன்னு. கோபத்துல எழுதினது. ரெண்டு வருஷ உழைப்பை விட்டுட்டு யாராவது போவாங்களா, அதுக்காகவாவது நின்னுருவான்னு ஒரு கணக்கு. நிக்கல. பூச்சிப் பெட்டி எல்லாத்தையும் துடைச்சு, வரிசையா அடுக்கி, பேர் எழுதி ஒட்டி, லேப் சாவியை அட்டெண்டர்கிட்ட குடுத்துட்டுப் போயிருந்தா. என்கிட்ட சொல்லிக்கவே இல்லை.

அதுக்கப்புறம் வருஷம் மூணு ஓடிப்போச்சு. ஒரு போன் இல்லை. தீபாவளிக்கு ஒரு வாழ்த்து இல்லை. என் வீட்டுக்காரரை ஒரு தடவை ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம், அவரைப் பாக்க மட்டும் வந்தாளாம், நான் இல்லாத நேரமாப் பாத்து. அவர்தான் ரொம்ப நாள் கழிச்சுச் சொன்னார்.

போன மாசம் அவளோட வைவா அறிவிப்பு பாத்தேன். தென் மாவட்ட நீர்நிலைகள்ல தட்டான்கள்னு தலைப்பு. நீர்நிலையாம். ஆறுன்னு போடாம நீர்நிலைன்னு போட்டிருக்கா, எனக்குத் தெரியாதா. என் ஆத்து வேலையை உள்ள வெச்சு மறைச்சிருக்கான்னு நினைச்சேன். ரெண்டு வருஷ உழைப்பை எவ விடுவா. நானா இருந்தா விடுவேனா. வைவாவுக்கு யார் வேணும்னாலும் வரலாம், யார் வேணும்னாலும் எழுந்திரிச்சுக் கேள்வி கேக்கலாம். கேக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். அவர் தடுத்தார். பழைய பேப்பர் எல்லாம் எடுத்துப் பையில வெச்சுக்கிட்டு, காலையில முதல் பஸ்ஸுக்கு வந்துட்டேன்.

அங்க போனா, அய்யாக்கண்ணு ஓடி வந்து கும்பிட்டு, முதல் வரிசையில உக்கார வெக்கறான். வடிவு மேடைப் பக்கத்துல நிக்கறா. பட்டுச் சேலை, கொஞ்சம் சதை பிடிச்சிருக்கா. என்னைப் பாத்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்னா. அப்புறம் வந்து, வாங்க மேடம்னா. அவ கையாலதான் இந்தச் சால்வையைப் போத்தினா. அவ அப்பாவும் வந்திருந்தார், பின்னால கடைசி வரிசையில. என்னைப் பாத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், என்ன பண்றது.

ஆரம்பத்துல நன்றி சொல்றா. அப்பா, அம்மா, தங்கச்சி, அய்யாக்கண்ணு சாருன்னு சொல்லிட்டு வந்து, எனக்கு முதல்முதல்ல தட்டானைப் பாக்கச் சொல்லிக் குடுத்த கோமதி மேடத்துக்கு நன்றின்னா. அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. நன்றியுரையில ஒரு வரியில என்னை முடிச்சுட்டா. ஒருத்தரோட உழைப்பை, அவங்க குடுத்த வருஷங்களை ஒரு வரி நன்றியில அடக்கிர முடியுமா, நீங்களே சொல்லுங்க. மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா.

அப்புறம் பேச ஆரம்பிச்சா. நல்லாப் பேசினா. ஒரு தட்டான் இறக்கையைப் பெரிசாக் காட்டி, அதுல ஓடற நரம்பை வெச்சு இது எந்த ஜாதின்னு சொல்றா. ஜனங்க வாயைத் திறந்துக்கிட்டுக் கேக்கறாங்க. வாத்தியார் வேலை பாத்தவளுக்குத் தெரியும், யார் மனப்பாடம் பண்ணிப் பேசறா, யார் பாத்ததைப் பேசறான்னு. இவ பாத்ததைப் பேசினா. எனக்கு ஒரு நேரம், நம்ம பிள்ளை, நம்ம பிள்ளைன்னு உள்ள அடிச்சுக்கிச்சு. அடுத்தாப்ல வரைபடம் காட்டினா. புள்ளி புள்ளியா ஊர்கள். நான் தாமிரபரணி எப்ப வரும் எப்ப வரும்னு பாத்துட்டே இருக்கேன். வரவே இல்லை. படத்துல காட்டலைன்னா என்ன, எழுதிக் குடுத்த ஆராய்ச்சிப் புஸ்தகத்துல இருக்கும்னு நினைச்சுக்கிட்டு, கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன்.

தாமிரபரணியில எடுத்த விவரங்கள் எந்த லேபுக்குச் சொந்தம்னு உனக்குத் தெரியும், அதை இதுல எந்த அனுமதியோட சேத்தேன்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன்.

வடிவு மைக்கைக் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கிட்டா.

"இதுல தாமிரபரணி இல்லை மேடம். எல்லாமே மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்கள்ல மறுபடி முதல்ல இருந்து பண்ணினது. ஆத்துல எடுத்தது எதுவும் இதுல கிடையாது."

ஆத்தையே மாத்திட்டா. புரியுதா உங்களுக்கு? ஆறே வேண்டாம்னுட்டு, தண்ணி வத்திப்போற கண்மாய்க் கரையில போய், ஒண்ணாம் நாள்ல இருந்து ஆரம்பிச்சிருக்கா. ரெண்டு வருஷம், மழையில காய்ச்சல்ல எடுத்தது அத்தனையும் என் லேப் அலமாரியில அவ ஒட்டின பேரோட அப்படியே கிடக்கு. அவ திருடிட்டான்னு சொல்ல நான் வந்தேன். அவ என்கிட்ட இருந்து ஒரு பூச்சியைக் கூட எடுத்துட்டுப் போகல.

அதோட விட்டிருந்தாலும் உக்காந்திருப்பேன். கேரளாவுல இருந்து வந்திருந்த எக்ஸாமினர், வயசான மனுஷன், ஒண்ணும் தெரியாதவர், வெள்ளந்தியாக் கேக்கறார். அப்ப ஆத்துலயும் வேலை பாத்திருக்கீங்களே, அதையும் சேத்து ஒப்பிட்டிருந்தா இன்னும் சிறப்பா இருந்திருக்குமே, ஏன் விட்டீங்கன்னு. இவ என்னைப் பாக்கல. தரையைப் பாத்துட்டு அப்புறம் சொன்னா.

"அது என் பேர்ல வரல சார்."

அந்த ஆளுக்கு அப்பத்தான் ஏதோ புரிஞ்சது. சரி சரின்னுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார். பின்னால யாரோ கிசுகிசுன்னு பேசினாங்க. எனக்கு உக்காரவும் முடியல நிக்கவும் முடியல. எத்தனை பேருக்குப் பட்டம் வாங்கிக் குடுத்தவ நான், சபை நடுவுல இப்படி நிக்க வெச்சுட்டா. நான் அவ பேரை அதுல போட்டிருக்கேன்னு அங்கயே கத்தணும்னு இருந்தது. போட்டிருக்கேன்ல. நன்றியில போட்டிருக்கேன்ல.

கோவில்பட்டியா? டீ குடிக்கறீங்களா? எனக்கும் வேண்டாம். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல.

பட்டம் குடுக்கலாம்னு அறிவிச்சதும் எல்லாரும் கைதட்டினாங்க. நான் பையை எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். வராந்தாவுல செருப்பைத் தேடிக்கிட்டிருக்கேன், பின்னாலயே வர்றா. டாக்டர் வடிவு.

சாப்ட்டுட்டுப் போங்க மேடம்னா. எனக்கு வந்துச்சு பாருங்க. நான் அவகிட்ட கேட்டேன், ஏன் வடிவு, அந்த ரெண்டு வருஷத்தைப் போய் யாராவது விடுவாங்களா, என்கிட்ட வந்து கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனான்னு. நீங்கதானே மேடம் அது உங்களோடதுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா. நான் சொன்னேன், ஏட்டி, கோபத்துல எழுதறதெல்லாம் ஒரு எழுத்தா, பெத்த பிள்ளையை ஏசறதில்லையா. என் கைப்பையோட வாரு முறுக்கிக்கிட்டுக் கிடந்துச்சு, அவ அதைச் சரி பண்ணி விட்டா. அது அவ பழக்கம், என்னிக்கும் செய்வா. அதுலதான் என் கண்ணு கலங்கிப்போச்சு.

நான் கேட்டேன், என் வீட்ல உன்னை என்ன கொடுமைட்டி பண்ணேன்? ஒரு நாள் உன்னைத் தனியா உக்கார வெச்சுச் சோறு போட்டிருப்பேனா? மக மாதிரிதானே வெச்சிருந்தேன்?

உள்ள இருந்து அவளைக் கூப்பிடறாங்க, போட்டோ எடுக்க. திரும்பிப் பாத்துட்டு, ரொம்ப மெதுவாச் சொன்னா.

"கொடுமைன்னு நான் யார்கிட்டயும் சொல்லல மேடம். எனக்கு அம்மா இருக்காங்க. நான் உங்ககிட்ட படிக்கத்தான் வந்தேன்."

சொல்லிட்டு உள்ள போயிட்டா.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வர்ற வரைக்கும் ஆட்டோவுல இதையேதான் யோசிச்சுட்டு வந்தேன். படிக்கத்தான் வந்தேன். இதுக்கு என்ன அர்த்தம்? படிக்க வந்தவளை நான் படிக்க வேண்டாம்னா சொன்னேன்? படிச்சதாலதானே இன்னிக்கு மேடையில நிக்கறா? நீங்க சொல்லுங்க, நீங்களும் ஒரு பொம்பளைப் பிள்ளைக்குத் தாய். நான் எங்க தப்புப் பண்ணேன்? ஜன்னலுக்கு வெளியவே பாக்கறீங்க. சரி விடுங்க. அடுத்தவங்க வீட்டு விஷயத்துல நீங்க என்ன சொல்வீங்க.

அபிராமியும் அடுத்த வருஷத்துல இருந்து கைடு ஆகப்போறா. அவளுக்கு நான் சொல்லப்போறது ஒண்ணே ஒண்ணுதான். வர்ற பிள்ளைங்களை வீட்டுக்குள்ள விடாதே. பாசம் வெக்காதே. வெச்சா நம்மளைத்தான் குத்தும். நீங்களும் உங்க மககிட்ட சொல்லுங்க, கைடுங்கறவங்க தெய்வம் மாதிரி, அவங்க மனசு நோகப் பண்ணிரக் கூடாதுன்னு. எங்கயும் இடம் கிடைக்கலைன்னா என்கிட்ட அனுப்புங்க. என் நம்பரைக் குறிச்சுக்கங்க. ஒரு இடம் காலியாத்தான் இருக்கு. வேண்டாமா? சரி, பரவாயில்லை. அப்புறமாக் கூட யோசிச்சுக்கலாம்.

வண்ணாரப்பேட்டை வந்துருச்சு. எனக்கு அடுத்த ஸ்டாப்தான், நீங்க பஸ் ஸ்டாண்டா? இருங்க, ஒரு நிமிஷம், போன் அடிக்குது.

ஹலோ. ஆமா ஜெயந்தி, வந்துட்டேன், பாலம் தாண்டிட்டேன். வண்டி எங்க நிக்குது? சரி, சரி, நிழலாப் பாத்து நில்லு.

புதுசா ஒரு பிள்ளை சேந்திருக்கா. என்னைக் கூட்டிட்டுப் போக ஸ்கூட்டர்ல வந்து நிக்கறா. இன்னிக்கு அவங்க ஊர்க் கோயில்ல கொடைத் திருவிழா, குடும்பமே கூடியிருக்கும், போகணும்னு ஒரு வாரமாச் சொல்லிக்கிட்டிருந்தா. போயிட்டு வான்னு சொல்லணும்னுதான் இருந்தேன். காலையில இருந்த டென்ஷன்ல மறந்தே போயிட்டேன்.